கருமருது, நீர்மருது: பேத நிர்ணயம்

மரத்தடியில் நின்றுகொண்டு, இது கருமருதா நீர்மருதா என்று கேட்டால், பதில் தெரியாதவர் நம் ஊரில் எவருமில்லை. இருவர் பதில் ஒத்துப்போவதுதான் இல்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

இத்துறை அறிஞர்கள் இலைவாதிகள், பட்டைவாதிகள் என இரு கட்சியினர். இலையைத் திருப்பிப் பார், காம்பை ஒட்டி இரண்டு சிறு சுரப்பிகள் தெரிந்தால் அது மருது என்பார் இலைவாதி. உண்மைதான். ஆனால் மருது என்பதில் யாருக்குத் தகராறு? எந்த மருது என்பதல்லவா வழக்கு! சுரப்பி இரண்டுக்கும் உண்டு. இலையின் நீள்வட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே. கருமருதின் தளிரில் மென்மயிர் இருக்கும் என்று அடுத்த சான்றை நீட்டுவார். தடவிப் பார்க்கத் தளிர் கைக்கெட்ட வேண்டுமே. 30 மீட்டர் வரை வளரும் மரம் அதற்கு ஒத்துழைப்பதில்லை. போதாக்குறைக்குக் கோடை வந்தால் கருமருது இலை மொத்தத்தையும் உதிர்த்துவிடும். புதுத் தளிர் வரும்வரை இலைவாதிக்குக் கட்டாய விடுமுறை.

பட்டைவாதிக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு. கருமருதின் பட்டை கறுத்துத் தடித்து, நெடுக்கும் குறுக்குமாக வெடித்து, முதலைத் தோலாகக் கிடக்கும். காட்டுத்தீயைக்கூட ஓரளவு தாங்கும். நீர்மருதோ வெளிறிய சாம்பல் நிறத்தில் வழவழவென்று நிற்கும். மேல்பட்டை அகலமான ஏடுகளாகக் கழன்று விழும். இருட்டில் தடவியே சொல்லிவிடலாம்.

நிற்கும் இடமும் ஒரு சாட்சி. நீர்மருதுக்கு ஆற்றங்கரை, கருமருதுக்கு மலைக்காடு. இங்கே பெயரிலேயே ஒரு சிக்கல். 2024 மார்ச்சில் ஆந்திரத்தின் பாப்பிகொண்டா காட்டில், மரத்துக்குள் தண்ணீர் இருக்கும் என்று கொண்டா ரெட்டி பழங்குடியினர் சொன்னதைச் சோதிக்க வனத்துறையினர் ஒரு மரத்தின் பட்டையை வெட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பீறிட்டது. அந்த மரம் கருமருது! ஆற்றோரம் குடியிருப்பவனுக்குச் சேமிப்பு எதற்கு என்று நீர்மருது இருந்துவிட்டது போலும் என்பது எம் துணிபு.

தாவரவியலாரிடம் முறையிடலாம் என்றால், கருமருது ஒன்றுக்கே டொமென்டோசா, அலேட்டா, கிரெனுலேட்டா, எலிப்டிகா என்று பெயர் மாற்றி மாற்றி அவர்களே களைத்துப் போயிருக்கிறார்கள். டசர் பட்டுப்புழுவின் நிலைப்பாடு இன்னும் மோசம். இரண்டு இலையையும் பேதம் பாராமல் தின்றுவிட்டுக் கூடு கட்டப் போய்விடுகிறது.

அப்பீலுக்கு இடமில்லாத தீர்ப்பு காயில் இருக்கிறது. ஐந்து இறக்கை இரண்டுக்கும் பொது. இறக்கை அகன்று, அதன் கோடுகள் விளிம்பை நோக்கி நேராக ஓடினால் கருமருது. குறுகி, கோடுகள் மேல்நோக்கி வளைந்தால் நீர்மருது. காய் மரத்தடியிலேயே கிடக்கும்; குனிந்தால் போதும்.

நீர்மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, சாலையோர மரங்களைக் கையெட்டும் உயரம்வரை உரித்துவிட்ட பெருமக்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: நீங்கள் மரத்தைச் சரியாகவே அடையாளம் கண்டுவிட்டீர்கள், இனி உரிக்க வேண்டாம்.