ஸ்டிக்கர் டைல்ஸ் சாஸ்திரம்

எந்தச் சாஸ்திரமானாலும் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் நிர்ணயித்துக்கொண்ட பிறகே உள்ளே காலடி வைக்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறையாதலால், காலடி வைக்கும் தரையையே பொருளாகக் கொண்ட இந்நூலுக்கு அம்முறை இரட்டிப்பாகப் பொருந்தும். விஷயம்: முதுகில் பசையும் பசைமேல் காகிதமுமாக, ஓரடிச் சதுரத்தில், ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் கடைகளில் விற்கும் வினைல் டைல்ஸ். பிரயோஜனம்: கொத்தனாரை அழையாமல், பழைய மொசைக்கை உடைக்காமல், விருந்தாளி வருவதற்குள் அதை மறைத்தல். சம்பந்தம்: மறைப்பதற்கும் மறைக்கப்படுவதற்கும் இடையே பசையால் நேர்வது. அதிகாரி: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில், சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ வசித்து, கையில் பிளேடு கத்தியும் மனத்தில் உற்சாகமும் உடைய கிருகஸ்தன்.

இப்பொருளின் ஜனன விருத்தாந்தம் தத்துவச் சுவை மிகுந்தது. 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் என்னும் ரசாயன நிபுணர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையொன்றைத் தேடி, எதற்கும் உதவாதென்று அன்று கருதப்பட்ட பாலிவினைல் குளோரைடை ஒரு திரவத்திலிட்டுக் காய்ச்ச, கிடைத்த வஸ்து வளைந்தது, துள்ளியது, எதிலும் ஒட்டத்தான் மறுத்தது. பசையைத் தேடப் போய்ப் பிறந்த இந்தப் பசையற்ற பிள்ளையின் வம்சமே 1933-இல் சிகாகோ கண்காட்சியில் தரை ஓடாகத் தரிசனம் தந்தது. ஆகவே ஒட்டாமை வினைலின் சுபாவம்; ஒட்டுதல் பிற்காலத்தில் அதன் முதுகில் ஏற்றப்பட்ட உபாதி. இதை உணர்ந்தவன், டைல் ஒட்டுமா என்று கேளாமல், தரை அதை ஏற்குமா என்றே கேட்பான்.

இங்கே பூர்வபக்ஷி குறுக்கிட்டு, விரிக்கவும் சுருட்டவும் வசதியான விரிப்பு இருக்கும்போது ஒட்டுவது எதற்கு என்கிறான். அவன் கட்சிக்குப் பிரமாணமும் உண்டு. பூந்தமல்லிக்குச் சற்று மேற்கே உள்ள திருமழிசையில் அவதரித்த ஆழ்வார், தம் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்தியபோது, காஞ்சியில் பள்ளிகொண்ட பெருமாளையே பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன்வரச் செய்து, மன்னன் மனம் திரும்பியதும் மறுபடி வந்து விரித்துக்கொள்ளச் செய்தார் என்பது வைஷ்ணவ ஐதிகம். ஆயினும் ஆதிசேஷனுக்கு முதுகில் பசை கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் டைல் கையோடு வந்தாலும் பசை தரையிலேயே தங்கும். அதைக் கண்ட வீட்டுக்காரரிடம் அட்வான்ஸில் ஒரு பகுதியும் தங்கும். எனவே இடம் பெயர எண்ணாதவனே உத்தம அதிகாரி.

இனிப் பிரயோகம். தரையின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, நன்றாகக் காயவிட்டு, விரிசல்களையும் குழிகளையும் அடைத்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளைச் சாக்பொடி தடவிய நூலால் இணைத்துச் சுண்டினால், இரு கோடுகள் வெட்டும் மையம் கிடைக்கும். அங்கிருந்தே தொடங்குக. சுவரோரத்திலிருந்து தொடங்குபவன், கொத்தனார் மூலைமட்டத்தை மறந்த சரித்திரத்தையெல்லாம் ஐந்தாம் வரிசையில் அறிந்துகொள்வான். டைலின் முதுகிலுள்ள அம்புக்குறிகள் யாவும் பெட்டியில் சொன்னபடி திசை பார்க்க வேண்டும். காகிதத்தின் மூலையை நகத்தால் நெருடிப் பிரித்து, ஒரு விளிம்பை முந்தைய டைலோடு பொருத்தி, மெல்லச் சாய்த்து இறக்குக. தொப்பென்று போட்டால் உள்ளே அகப்பட்ட காற்று குமிழியாக நின்று சாட்சி சொல்லும். பின்பு அழுத்த வேண்டும். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியிலேயே இருப்பினும், இக்காரியத்துக்குச் சப்பாத்திக் கட்டையே போதுமானது.

இப்பிரதேசத்துக்குரிய மகாதோஷம் ஓதம். கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று திசைக்கொரு ஏரி சூழ்ந்த பூமியில், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய நிலத்தின் ஈரம் கீழ்த்தளத்துச் சிமெண்டைத் துளைத்து மேலேறி, நீராவிக்கு வழிவிடாத வினைலின் அடியில் தேங்கிப் பசையைக் குலைக்கிறது. முதலில் மூலை எழும். பிறகு விளக்குமாற்று ஈர்க்கு அதில் மாட்டும். பிறகு வீட்டார் ஒருவரையொருவர் பார்ப்பர். பரிகாரம் எளிது: ஒட்டுமுன் ஒரு முழம் பாலித்தீனைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து ஓர் இரவும் பகலும் விட்டுப் பார்த்து, அடியில் நீர் முத்துகள் கோத்திருந்தால் அந்த முயற்சியையே விட்டுவிடுக. கோடையிலோ வேறு தோஷம்: வெயில் விழும் ஜன்னலோரத்தில் பசை இளகி இடுக்கில் கசிய, தூசி அதில் படிந்து கறுப்புக் கோடாகிறது.

எஞ்சுவது பிரமாண விரோதம் ஒன்று. ஒட்டிய பின் ஐந்து நாள் தண்ணீர் விட்டுத் துடைக்கலாகாது என்கிறது பெட்டியிலுள்ள விதி. வெள்ளிக்கிழமை வீடு துடைத்தே ஆகவேண்டும் என்பது குலாசாரம். வாளியும் துணியுமாக நிற்கும் மாமியாரின் முன்னிலையில் அச்சிட்ட வாக்கியம் துர்ப்பலமாதலால், இரண்டையும் சமரசப்படுத்தச் சனிக்கிழமை ஒட்டுவதே சித்தாந்தம். சனிக்கிழமை சுபகாரியத்துக்கு ஆகாதே எனின், பிடித்தால் ஏழரை ஆண்டு விடாதவர் என்று உலகமே ஒப்புக்கொண்ட சனி பகவானைவிட, இந்தத் தொழிலுக்குத் தகுந்த அதிதேவதை வேறு யார் என்று விடுக்க.