திருஷ்டிப் பூதத்தின் நாக்கு: ஒரு பாடபேத விசாரம்

தமிழ்நாட்டில் எங்கெல்லாம் ஒரு வீடு அஸ்திவாரத்தைத் தாண்டி எழும்புகிறதோ அங்கெல்லாம், மேல்தளத்துக் கம்பிகளுக்கு நடுவிலோ சாரக்கட்டின் முகப்பிலோ, உருட்டி விழித்த கண்ணும் முறுக்கிய மீசையும் கடைவாய்ப் பல்லும் தொங்கும் நாக்குமாக ஒரு பூதமுகம் எழுதி மாட்டப்படுகிறது என்பதும், போகிறவர் வருகிறவர் கண்ணேறு வீட்டின்மேல் விழாமல் அந்த முகத்தின்மேல் விழுந்து தொலையட்டும் என்பதே அதன் பிரயோஜனம் என்பதும் எல்லோரும் அறிந்தவை. எல்லோரும் அறிந்த ஒன்றை எவருக்கும் விளங்காத வகையில் எடுத்துக் கூறுவதே ஆராய்ச்சி ஆகையால், அந்தப் பணிக்கு இக்கட்டுரை துணிகிறது. மாமல்லபுரத்துச் சிங்கத் தூண்களைப் பற்றியும் நாயக்கர் கால மண்டபங்களின் யாளிகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த பேராசிரியர்கள், தாங்கள் கட்டிய சொந்த வீட்டின் சாரத்தில் ஆறு மாதம் தொங்கிய பூதத்தை ஏறிட்டும் பாராமல் விட்டது நம் துரதிருஷ்டமே.

முதலில் பாடங்களைப் பார்ப்போம். பூதத்தை நேரில் கண்ட ஓவியர் ஒருவரும் இலர். ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவர் எழுதியதைப் பார்த்தே எழுதுகிறார். அவரோ தமக்கு முந்தியவர் எழுதியதை அவசரத்தில் பார்த்து எழுதியவர். எனவே ஏடு பெயர்த்தெழுதுவோரால் நேரும் பிழைகள் அனைத்தும் இங்கும் உண்டு. இன்று கிடைக்கும் பாடங்கள் தகரப் பாடம், பூசணிக்காய்ப் பாடம், லாரிப் பாடம் என மூவகைப்படும். பூசணிக்காய்ப் பாடம் ஒப்புநோக்கி முடிப்பதற்குள் அழுகிவிடுகிறது. லாரிப் பாடம் ஓடிவிடுகிறது. எஞ்சிய தகரப் பாடமே சுத்தபாடம் என்று கொள்ளப்பட்டது. பதிப்பாசிரியர்கள் ஒரு பிரதியை மூலமாகக் கொள்வதற்குக் கூறும் காரணங்களில் இதைவிடப் பலமானதை நாம் கண்டதில்லை. கடைகளின் கல்லாவுக்கு மேலே, ‘என்னைப் பார், யோகம் வரும்’ என்ற வாசகத்தோடு விளங்கும் கழுதைப் படம் வேறு சம்பிரதாயத்தைச் சேர்ந்தது. அதற்கும் இதற்கும் உறவு கற்பிப்பவரோடு நாம் வாதிடுவதில்லை.

பூதத்தின் காலத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. கடைச்சங்கத்துக்கும் முற்பட்டது என்பார் ஒரு சாரார். போன தீபாவளிக்கு முற்பட்டதன்று என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே தகரத்தைக் காட்டித்தான் பேசுகின்றனர். இவ்வழக்கைத் தீர்க்க நாம் கைக்கொண்ட முறை புதியதன்று. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களும் இருந்த காலத்தை முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் என்று கூறுகிறது. இம்மூன்று எண்களும் 37ஆல் மீதமின்றி வகுபடுகின்றன. முறையே 120, 100, 50 என்று ஈவு வருகிறது. சரித்திரம் இவ்வளவு ஒழுங்காக நடந்திருப்பதைக் கண்டு ஐயுறுவோர் சிலர் உண்டு. நாம் ஐயுறவில்லை, பின்பற்றுகிறோம். தகரத்தில் தெரிந்த துருப்புள்ளிகளை எண்ணி 37ஆல் பெருக்கி வந்த தொகையே பூதத்தின் வயது. மழைக்காலத்துக்குப்பின் எண்ணியவருக்குத் தொகை கூடுதலாக வரும். அவர் முற்காலக் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

இனி உறுப்பியல். காது: உண்டு.

கண்ணைப் பற்றிச் சொல்லத்தக்கது, அது எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் பார்க்கிறவரையே பார்க்கிறது என்பதும், அடுத்த வீட்டுக்காரரை மட்டும் சற்றுக் கூடுதலாகப் பார்க்கிறது என்பதுமே. மீசை காவல்துறையைப் பார்த்து எழுதப்பட்டதென்பர். காவல்துறை பூதத்தைப் பார்த்து வளர்த்ததென்பதே நம் துணிபு.

கொம்பைப் பற்றிப் பேசும்போது சற்றே கடல் கடக்க வேண்டியிருக்கிறது. குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515இல் லிஸ்பனில் போய் இறங்கியது. அதைக் கண்ணால் காணாமலே, பிறர் எழுதிய விவரத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் மட்டும் கொண்டு, ஜெர்மனியில் இருந்த ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் மகா ஓவியர் அதே ஆண்டில் அதை மரச்செதுக்குப் படமாக வெளியிட்டார். மூக்கின்மேல் இருக்கவேண்டிய கொம்பை வைத்ததோடு, கழுத்துக்குப் பின்னால் முதுகின்மேல் முறுக்கிய சிறு கொம்பு ஒன்றையும் வைத்தார். அப்படி ஒரு கொம்பு எந்தக் காண்டாமிருகத்துக்கும் கிடையாது. ஆயினும் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஐரோப்பாவில் படம் எழுதியவர்களும் நூல் அச்சிட்டவர்களும் அந்தக் கொம்பை விடாமல் காப்பாற்றி வந்தனர். இதைப் பிழை என்று சொல்லிச் சிரிப்பவர், நம்முடைய ஆராய்ச்சி நூல்களின் அடிக்குறிப்புகளை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் ‘இன்ன நூல், இன்ன பக்கம்’ என்று ஒரு குறிப்பைப் போட்டுவிட்டால், பின்வரும் நாற்பது பேரும் அதே குறிப்பை அதே அச்சுப்பிழையோடு எடுத்து எழுதுவர். அந்த நூலை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தவர் அவர்களுள் ஒருவரும் இரார். நம் பூதத்துக்குக் கொம்பு இரண்டு. மூன்றாவது கொம்புள்ள தகரம் ஒன்றும் உண்டு; ஆணி அடித்தபோது ஏற்பட்ட நசுங்கல் அது என்று கொத்தனார் கூறினாலும், அடுத்த தகரத்தில் அதையும் வர்ணம் தீட்டி எழுதியிருப்பதால் இப்போது அது கொம்பேயாகிவிட்டது.

இதுவரை கூறியவை பாயிரம், இனித்தான் நாக்கு.

ஸ்காந்தத்தில் ஒரு கதை வழங்குகிறது. ஜலந்தராசுரன் பார்வதியைத் தனக்குத் தரும்படி ராகுவைத் தூதனுப்பினான்; சினந்த சிவபெருமானிடமிருந்து அகோரமான ஓர் உருவம் தோன்றி ராகுவை விழுங்கப் பாய்ந்தது; ராகு சரணடைந்தான்; இரையை இழந்த உருவம் பசிக்கு என்ன செய்வேன் என்று கேட்க, உன்னையே தின்றுகொள் என்று கட்டளை பிறந்தது; அதுவும் கால், கை, வயிறு என்று தின்றுகொண்டே போய் முகம் மாத்திரமாக நின்றது; இறைவன் மகிழ்ந்து அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயரிட்டு வாயிலில் இருத்தினார். திருவாசியின் உச்சியிலும் விமானத்துக் கூடுகளின் மேலும் இன்றும் காணும் முகம் அதுதான். நம் பூதம் இதன் வாரிசு என்பது நம் சித்தாந்தம்; வாசல் காவல் என்ற உத்தியோகமும் உடம்பில்லாத வறுமையும் இரண்டுக்கும் பொது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. சிற்பங்களில் கீர்த்திமுகத்துக்குப் பெரும்பாலும் கீழ்த்தாடை இல்லை. அதையும் தின்றுவிட்டது என்று சமாதானம் சொன்னால், கீழ்த்தாடையைத் தின்றது எந்தத் தாடையால் என்ற கேள்வி எழுகிறது. மென்று தின்றது என்போர் கட்சி இந்த இடத்தில் ஓய்ந்துவிடுகிறது. மெல்லாமல் விழுங்கிற்று என்போர், கழுத்து முன்னமே போய்விட்டபடியால் விழுங்கியது எந்த வழியாக எங்கே போயிற்று என்பதற்கு விடை சொல்லவேண்டும். வயிற்றைத் தின்றபின் தின்றவை எங்கே சேர்ந்தன என்பதைப் பற்றி முன்னோர் தனி நூலே செய்திருக்கவேண்டும். அந்நூல் இன்று கிடைக்காமையே அது இருந்தமைக்குப் போதிய சான்று. கிடைக்காத நூல்களைக் கடல் கொண்டது என்பதும் கிடைத்தவற்றைக் கரையான் கொண்டது என்பதும் நம் மரபு. அதன் எச்சமாக ஓர் ஓலை நம்மிடம் உண்டு. கரையான் அரித்த பகுதியின் ஏழாம் வரியில் விடை மிகத் தெளிவாக இருந்திருக்கிறது.

இன்னும் வலுவான ஆதாரம் ஒன்று உளது. பரணில் கிடந்த பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில், சலவைக் கணக்குக்கும் தயிர்க் கணக்குக்கும் இடையே, பென்சிலால் எழுதிப் பின் அழித்த குறிப்பொன்றைத் தடத்தைக்கொண்டு மீட்டிருக்கிறோம். அது ஒரு நூலைச் சுட்டுகிறது. அந்நூல் இப்போது இல்லை. அதை மறுத்து எழுந்த நூலும் இல்லை. மறுப்புக்கு மறுப்பாக எழுந்த நூலின் பிழைதிருத்தப் பட்டியல் மட்டும் இருக்கிறது. அதில் ‘நாக்கு என்பதை நோக்கு எனத் திருத்திக் கொள்க’ என்று காண்கிறது. நாக்கு இருந்தாலன்றித் திருத்தவேண்டிய அவசியம் நேராதாகலின், நாக்கு உண்டென்பது பெறப்பட்டது.

ஆகவே தாடை போன இடத்தை நிரப்ப வந்ததே நாக்கு என்பது நம் முடிபு. பிரதிக்குப் பிரதி அது வளர்ந்தும் வந்திருக்கிறது: பழைய தகரத்தில் உதட்டளவு, அடுத்ததில் மோவாயளவு, அதற்கடுத்ததில் தகரத்தின் விளிம்பைத் தொட்டு அங்கே இடமின்றி இடப்புறம் மடங்குகிறது. இம்மடக்கின் பொருளை அறிய, நச்சினார்க்கினியர் கையாண்ட மாட்டு முறையில், நாக்கை அருகிலுள்ள பல்லோடு சேர்க்காமல், பல்லையும் மீசையையும் தாண்டிக் கொண்டுபோய்க் கீழே கறுப்புக் கயிற்றில் தொங்கும் படிகாரத்தோடு கூட்டினால், ‘சுவைத்தற்கு நீண்டது’ என்ற அரும்பொருள் விளைகிறது. அப்பெரியார் இதைக் கண்டிருந்தால் ஆகாசக் கருடன் கிழங்கு வரையிலும் கொண்டுபோயிருப்பார்.

இதற்கு ஆக்ஷேபம் கூறியவர் ஒருவரே. நடைபாதையில் தகரங்களை வரிசையாகப் பரப்பி, முதலில் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கோடு, பிறகு எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கண், கடைசியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொட்டுக் கண்மணி என்று எழுதிக்கொண்டிருந்த ஓவியர் அவர். நாக்கின் நீளத்தைப் பற்றி வினவியபோது தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்தபடியே, “சிவப்பு பெயிண்டு மிச்சம் இருந்தா நீளமா போடுவேன் சார், இல்லேன்னா குட்டையா போடுவேன்” என்றார். மடக்கைப் பற்றிக் கேட்டதற்கு, வழிந்துவிட்டதைத் துணியால் இழுத்துவிட்டதாகக் கூறினார். எழுதினவரே சொல்லும் சாட்சியம் பக்ஷபாதமுடையதாகையாலும், அதற்கு அடிக்குறிப்பு எதுவும் இல்லையாகையாலும், அது தள்ளப்பட்டது.

அண்மையில் பல வீடுகளில் பூதத்தை இறக்கிவிட்டுக் கண்திருஷ்டி கணபதியை மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். விநாயகருக்குத் தும்பிக்கை இருப்பதால் நாக்கின் ஆராய்ச்சி அங்கே செல்லாது. எனவே வீடு கட்டும் அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். கிரகப்பிரவேசம் முடிந்ததும் பூதத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால், அதன் நாக்கை விரற்கடைக் கணக்கில் அளந்து, வலப்புறம் மடங்கியதா இடப்புறம் மடங்கியதா என்பதையும் குறித்து வையுங்கள். சாரத்தில் ஏறும்போது கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்வது அவசியம்.