காலி செய்கிறோம், ஐயா!

அனுப்புநர்:
வீட்டுப் போன்களின் பொறுப்பாளர் (சம்பளம் இல்லாத நிரந்தரப் பணி),
மேற்குத் தாம்பரம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு சேமிப்பிட ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள்,
கிளவுடு தலைமை அலுவலகம்,
(ஊர், தெரு, கதவு எண் எதுவும் இதுவரை தெரிவிக்கப்படவில்லை).

பொருள்: தங்கள் இடத்தைக் காலி செய்து, சொந்தக் கம்ப்யூட்டரில் குடியேறுவது தொடர்பாக.

பார்வை:
1. ‘உங்கள் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது’ என்ற தங்கள் நேற்றைய அறிவிப்பு.
2. மேற்படி அறிவிப்பு, இன்று காலை.
3. மேற்படி அறிவிப்பு, இந்த வரியைத் தட்டச்சு செய்யும்போது.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட அறிவிப்புகள் மூன்றும் கிடைக்கப்பெற்றேன். பால்காரர் லீவு போட்டதுண்டு, தண்ணீர் லாரி வராமல் போனதுண்டு. தங்கள் அறிவிப்பு மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. குலதெய்வக் கோயிலில் எங்கள் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து நடந்தபோது என் மாமனார் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்த நொடியில் தாங்கள் திரையின் உச்சியில் எழுந்தருளினீர்கள். தங்களைத் தள்ளிவிடப் போனவர் ரெக்கார்டிங்கையே நிறுத்திவிட்டார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு தாய்மாமன் மடியில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறான். வீடியோ அதோடு முடிகிறது. காது குத்தியதற்கு இன்று எங்களிடம் உள்ள ஒரே ஆதாரம் அவன் காது.

தங்கள் துறையின் தாராள குணத்தை நான் மறுக்கவில்லை. 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தபோது, தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊரே சட்டிபானையோடு குடியேறியது. 2021 ஜூன் 1 முதல், புதிதாக ஏற்றும் ஒவ்வொரு படமும் 15 ஜிபி கணக்கில் சேரும் என்று அறிவிப்பு வந்தது. அந்த 15 ஜிபிக்குள்தான் ஜிமெயிலும் டிரைவும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. 2024-ல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பையும் அதே அறைக்குள் தள்ளினார்கள். ஆப்பிள் 2011-ல் ஐகிளவுடில் கொடுத்த இலவச இடம் 5 ஜிபி. இன்றைக்கும் அதே 5 ஜிபி. நொடிக்கு 60 ஃப்ரேம் வீதம் 4கே வீடியோ எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி ஆகும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதாவது அந்த 5 ஜிபி பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் வரும். எங்கள் வீட்டு விசேஷங்களில் ஐயர் உட்காருவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

சாமான் சேரும்வரை சும்மா விட்டுவிட்டு, சேர்ந்த பிறகு வாடகை கேட்பது வீட்டுக்காரரின் சாமர்த்தியம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. வாடகையை யார், எத்தனை தலைமுறைக்குக் கட்டுவது என்பதுதான் கேள்வி. இரண்டு ஆண்டு எவரும் தொடாத கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. காலமாகிவிட்ட எங்கள் பெரிய அத்தை இனி லாகின் செய்ய வாய்ப்பில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அவர் போனில் எடுத்த பேரப்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. கூடவே, ரோஜாப்பூவின் மேல் முருகன் நின்று ‘இனிய காலை வணக்கம்’ சொல்லும் படங்களும் ஏராளமாக இருக்கின்றன. எதை விட்டாலும் அவற்றை விடக் கூடாது என்பது மாமனாரின் உத்தரவு.

ஆகவே கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவெடுத்து வீட்டில் கூட்டம் போட்டோம். படத்தைச் சேமிக்க கிராஃபிக்ஸ் கார்டு இன்றியமையாதது என்று பத்தாவது படிக்கும் மகன் வாதாடினான். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி வைக்கும், இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (NAS) பெட்டிதான் கௌரவம் என்றார் கணவர். “எதுவா இருந்தாலும் நம்ம கல்யாண கேசட்டையும் அதுல போடற மாதிரி பாரும்மா” என்றார் மாமனார். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம், “நாலு போன் படத்தை ஏத்தி வைக்கணும், அவ்வளவுதான்” என்றேன். “அப்போ ஐ7 போட்டுக்கோங்க மேடம், ஃப்யூச்சருக்கு ஆகும்” என்றார். ஃப்யூச்சரில் என் மாமனார் ராக்கெட் விடப்போகிறார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

படத்தை வாங்கி டிஸ்க்கில் எழுதி வைப்பது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை, ஐயா. 2023-ல் வந்த இன்டெல் என்100 போன்ற சிப்பும் 8 ஜிபி ரேமும் உள்ள மினி பிசி தாராளமாகப் போதும். அல்லது அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ வகைச் சின்னப் பெட்டிகளில் ஒன்று. பழையது வாங்கினால் சிப் எந்தத் தலைமுறை என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். லினக்ஸ் அப்படி ஜாதகம் கேட்பதில்லை.

தங்களுக்கு மின்கட்டணக் கவலை இருக்காது, எங்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரைதான் இலவசம். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பெரிய டவரை இரவும் பகலும் ஓடவிட்டால் 60 நாளில் 86 யூனிட் தின்றுவிடும். மகன் கேட்ட கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்த்தால் பசி இன்னும் கூடும். 10 வாட்டில் ஓடும் சின்னப் பெட்டிக்கு அதே 60 நாளில் 14 யூனிட் சொச்சம்தான். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் படித்ததும் மாமனார் சின்னப் பெட்டிக்கு வாக்களித்தார்.

பணத்தைப் போட வேண்டிய இடம் டிஸ்க். இந்தச் சின்னப் பெட்டிகளுக்குள் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் நுழையாது. தனி அடாப்டரோடு வெளியே யூஎஸ்பியில் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு எஸ்எஸ்டி நல்லது. படத்தை ஏற்றி பீரோவில் பூட்டி வைக்கிற பிரதிக்கு ஹார்டு டிஸ்க்தான் சரி, ஏனென்றால் எஸ்எஸ்டி மின்சாரம் காணாமல் நெடுநாள் கிடந்தால் உள்ளே இருப்பதை மறக்கத் தொடங்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று மின்வாரியம் நாளிதழில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சொல்லாமல் போகும் மின்சாரத்துக்காக ஒரு யூபிஎஸ்ஸும் வேண்டும்.

கணவரின் நாஸ் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரெய்டு 1 முறையில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் மகன் கேமுக்கு இடம் பிடிக்க ஒரு ஃபோல்டரை அழித்தால், அதே நொடியில் இரண்டிலும் அழியும். தங்கள் ஆப்பும் இதே ஜாதிதான்: போனில் இருந்து நீக்கினால் அங்கேயும் நீக்கிவிட்டு, குப்பைத்தொட்டியில் சில நாள் தவணை கொடுக்கிறது. ஒரு பக்கம் அழிந்தால் மறுபக்கம் அழியாமல் இருக்க வேண்டும்; அதற்குப் பெயர்தான் பேக்கப்.

எனவே இலவச மென்பொருளான இம்மிச்சை நிறுவப்போகிறேன். வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலிருந்தும் படங்களைத் தானாக இழுத்துக்கொள்ளும். முகங்களை அடையாளம் கண்டு பிரிப்பதையும் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். தன்னை மட்டுமே நம்பி இருக்காதீர்கள், 3-2-1 முறையைப் பின்பற்றுங்கள் என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்தக் கடைசி நிபந்தனைக்குத் தாம்பரத்துக்காரர்களிடம் விளக்கம் தேவையில்லை. 2015 டிசம்பரில் பக்கத்து முடிச்சூரில் தரைத்தளங்கள் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அடுத்த வெள்ளம் வந்தால் ஆல்பத்தோடு கம்ப்யூட்டரும் சேர்ந்தே மிதக்கும். ஆகவே ஒரு ஹார்டு டிஸ்க் திருச்சியில் நாத்தனார் வீட்டு பீரோவுக்குப் போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புதுப் படங்கள் ஏறித் திரும்பும்.

இந்த நிலையில் தங்கள் முன் வைக்கும் கோரிக்கைகள்:

அ) எங்கள் சாமான்களை ஒழுங்காகக் கட்டித் தரவும். கூகுள் டேக்அவுட் வழியாக வாங்கினால் படம் ஒரு கோப்பிலும், அதன் விவரங்கள் இன்னொரு கோப்பிலும் வருகின்றன. குழந்தையையும் அதன் பிறந்த தேதியையும் தனித்தனி லாரியில் அனுப்ப வேண்டாம்.

ஆ) ‘இடத்தை மிச்சப்படுத்துகிறேன்’ என்று அசலை எடுத்துக்கொண்டு போனில் சின்னப் பிரதியை விட்டுவைக்கும் ஐபோன் வசதி இயக்கத்தில் இருந்தால், அதைப் பெரிய எழுத்தில் சொல்லவும். போனில் தெரிவதெல்லாம் போனிலேயே இருக்கிறது என்று நம்பிக் கேபிளை மாட்டுகிறவர்கள் பலர்.

இ) ஒரு சின்ன அறையை மட்டும் எங்களுக்கே விட்டுவைக்கவும். அதற்கான வாடகையைக் கட்டிவிடுகிறோம். முக்கியமான படங்களுக்கு மூன்றாவது பிரதி வைக்கத் தங்கள் இடம் நல்ல இடம்தான். ஒரே பிரதியை அங்கே வைத்தோம் என்பதுதான் எங்களுக்கும் தங்களுக்கும் இத்தனை நாள் இருந்த தகராறு.

ஈ) மாமனார் கேமராவைத் தூக்கிப் பிடித்திருக்கும் வேளைகளில் எழுந்தருள வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள முன்னாள் முழுநேரக் குடித்தனக்காரி.

நகல்: படங்களை ஒரே போனில் மட்டும் வைத்திருக்கும் அனைவருக்கும், உடனடி நடவடிக்கைக்காக. எந்தக் கம்ப்யூட்டர் என்று அடுத்த வருஷம் வரை ஆராய்ச்சி செய்யலாம், தவறில்லை. அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, வீட்டில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலாவது மாட்டி, போனில் உள்ளதை ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். எடுத்த பிரதியில் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள்.