லேப் டிப் ஓகே, பல்க் ரிஜெக்ட்

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: லேப் டிப்பில், அதாவது சாம்பிள் துணியில், அப்ரூவல் வாங்கிய கலர், மொத்தமாகச் சாயமேற்றும் பல்க்கில் வேறு முகம் காட்டும். பையர் டையிங்காரரைத் திட்டுவார், டையிங்காரர் தண்ணீரைத் திட்டுவார். மருத்துவ ஆராய்ச்சியில் இதே கூத்து நம்ம செங்கல்பட்டில் நடந்திருக்கிறது.

சரக்கின் பெயர் பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி. கால்மெட், கெரான் என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பிடித்து, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் 13 வருடம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அத்தனை வருடம் கிழங்கையே போட்டால் எந்தக் கிருமிக்கும் கொட்டம் அடங்கும். 1921இல் அதுவே தடுப்பு மருந்தானது.

1950இல் பிரிட்டன் சுமார் 54,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சோதனை தொடங்கியது. ஊசி போட்டவர்களிடம் நோய் 80 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பக்கம் பார்த்தால் வெறும் 14. பார்சலில் பெயர் ஒன்று, ஷேடு இரண்டு.

இங்கே 1955இல் ராஜாஜி பிசிஜியை எதிர்த்துப் புத்தகமே போட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான பிள்ளைக்குக் குத்துவதா என்பது அவர் வாதம். டெல்லி கேட்கவில்லை.

பிறகு 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகிலேயே பெரிய பிசிஜி சோதனை ஆரம்பமானது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. குப்பிகள் மூன்று வகை: டென்மார்க் வித்து பிசிஜி, பாரிஸ் வித்து பிசிஜி, மருந்தே இல்லாத டம்மி. எந்தக் குப்பியில் எது என்று குத்தியவருக்கும் தெரியாது, கை நீட்டியவருக்கும் தெரியாது. இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. ஏழரை வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். ஏழரை என்றாலே நமக்குத் தெரியுமே! நுரையீரல் காசநோய்க்குப் பாதுகாப்பு: பூஜ்யம்.

1979இல் இது வெளிவந்ததும் நிபுணர்கள் செங்கல்பட்டைக் குடைந்தார்கள். இந்த ஊர் மண்ணிலும் தண்ணீரிலும் காசக் கிருமியின் பங்காளிகள் ஏராளமாம். அவற்றோடு பழகிய உடம்பு பிசிஜியைச் சட்டை செய்வதில்லையாம். தென்னிந்தியக் காசக் கிருமிக்கு கினிப் பன்றியைக் கொல்லவே சோம்பல் என்றும் ஒரு துப்பு கிடைத்தது. செய்முறையில் மட்டும் பெரிய குற்றம் எதுவும் அகப்படவில்லை. பிரிட்டனில் நடந்த சோதனையைத்தான் அசல் என்று வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு ஏன் பிசகியது என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையர் புத்தி எங்கும் ஒன்றுதான். என்னைக் கேட்டால் இரண்டு கணக்குமே நிஜம், தண்ணீர்தான் வேறு.

ராஜாஜி ஜெயித்துவிட்டார் என்று யாரும் துண்டை உதற வேண்டாம். அவர் பயந்தது கெடுதலுக்கு. இங்கே தெரியவந்தது பயனின்மை.

செங்கல்பட்டின் 15 வருடக் கணக்கு 1999இல் அச்சேறியது. அப்போதும் பெரியவர்களுக்குப் பலனில்லை. ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கு மூளை உறையில் வரும் காசநோயை பிசிஜி தடுப்பதாக வேறு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு இடது தோளில் அந்த ஊசியைப் போடுகிறார்கள்.