ஸ்டுட்கார்ட் வழி சத்தி ரோடு

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எங்கள் அப்பாவுக்கு ஆன மொத்தச் செலவு, வழியில் நான் அழுததற்காக வாங்கித் தந்த ஒரு பொரி உருண்டை. அறுபதுகளின் சரவணம்பட்டி அது. சத்தி ரோட்டைத் தாண்டினால் சோளக்காடு, பருத்திக்காடு. கணபதியில் டெக்ஸ்டூலில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, தூங்கும் முன் இந்த வேலையையும் முடித்துவிடலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். எந்தப் பள்ளி என்ற பேச்சே எழவில்லை. நடக்கிற தூரத்தில் இருந்தது ஒன்றுதான். தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். பிறந்த தேதி கேட்டார். "சித்திரையில பொறந்தானுங்க, அன்னைக்கு நல்ல வெயிலுங்க" என்றார் அப்பா. அந்த வெயிலை வைத்து அவரே ஒரு தேதி எழுதிக்கொண்டார். இன்றைக்கும் என் ஆதார் அட்டையில் இருப்பது அவர் போட்ட தேதிதான்.

என் பேரனுக்கு எக்ஸெல் ஷீட் போட்டார்கள்.

மாப்பிள்ளைக்குக் கீரணத்தம் ஐ.டி. வளாகத்தில் வேலை. அந்த வளாகத்துக்கு ஜெர்மனிக்காரர்களின் பாஷ் கம்பெனி வந்த பிறகு எங்கள் பகுதிக்கு ஸ்டுட்கார்ட் என்பது அன்னூர், புளியம்பட்டி மாதிரி. யாராவது போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருப்பார்கள். மாப்பிள்ளையின் முறையும் வந்தது, மூன்று வருஷம். சம்பளம், வீடு, விசா எல்லாம் ஒரே சாயங்காலத்தில் பேசி முடிந்தன. ஆறு வயதுப் பையனின் ஒண்ணாங்கிளாஸ் மட்டும் ஐப்பசியில் தொடங்கி தைக்கு அப்புறமும் இழுத்தது.

முதல் கட்சி என் மகள். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் வேண்டும். அங்கே அப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் யூரோவுக்குக் குறைந்து பேச்சே இல்லை. நம் பணத்தில் பதினைந்து லட்சத்தை ஒட்டி வரும். சேர்க்கைக் கட்டணமும் பஸ்ஸும் தனி. ஒரு காலத்தில் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியே பிள்ளைகளின் ஃபீஸையும் கட்டும் என்பார்கள். இப்போது அந்தச் சலுகை பெரிய மேனேஜர்களோடு நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை இன்னும் அந்த உயரத்துக்கு வளரவில்லை.

ஆலோசனைக்கு துபாயில் இருக்கும் என் அண்ணன் மகனைப் பிடித்தார்கள். அவன் ஆகஸ்டில் போய் இறங்கியவன். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அங்கே ஏப்ரலில் வருஷம் தொடங்கிவிடும். பிரிட்டிஷ் பள்ளிகளுக்குச் செப்டம்பர். நடு வருஷத்தில் நுழைவதா, மூன்று மடங்கு கட்டுவதா என்று பார்த்து, கட்டினான். பிரிட்டிஷ் கணக்கில் வகுப்பின் எண் நம்முடையதைவிட ஒன்று கூடுதல். நாலாவது போக வேண்டிய அவன் பையன் 'இயர் ஃபைவ்' ஆனான். பையனுக்கு டபுள் புரமோஷன் என்று அண்ணியார் கணபதி வரைக்கும் சொல்லிவிட்டார். வருமான வரி இல்லாத தேசம் என்று போனவன், அந்த வரியைப் பள்ளிக்கூடத்தில் கட்டுகிறான். வெளிநாட்டார் பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் தனியார் பள்ளியை விட்டால் வேறு போக்கு கிடையாது. பையன் அரபி கட்டாயமாகப் படிக்கிறான், பிரெஞ்சு ஆசையாகப் படிக்கிறான். தமிழ் வெள்ளிக்கிழமை ராத்திரி வீடியோ காலில் அண்ணியாரிடம்.

பிள்ளைகுட்டியோடு நாடு மாறுகிறவர்கள் பள்ளிக்கூடத்தையும் மூட்டையில் கட்டி எடுத்துப் போவது இன்று நேற்றைய வழக்கமல்ல. வெள்ளைக்காரப் பாதிரிமார் இங்கே வந்தபோது, நம் வாத்தியாரிடமா பிள்ளையை விட்டார்கள்? அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானல் மலையில் 1901-ல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-ல் ஐ.பி. பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதலில் எடுத்ததும் அதுவே. ஜெனீவாவில் 1924-ல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேசச் சங்கத்து அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதே வருஷம் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பம் சர்வஜனப் பள்ளியை ஆரம்பித்தது, ஊர்ப் பிள்ளைகளுக்காக. நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. துபாயில் 1961-லேயே இந்தியன் ஹைஸ்கூல் வந்துவிட்டது. போன இடத்தில் நம்ம ஊர்ப் பள்ளியைத் தேடுகிறோம். அதே நேரம் சத்தி ரோட்டில் எந்த போர்டைப் பார்த்தாலும் இன்டர்நேஷனல். உள்ளே போனால் பாதிக்கு மேல் சி.பி.எஸ்.இ.

ஸ்டுட்கார்ட் விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை எக்ஸெல்லில் இன்னொரு வரிசை சேர்த்தார். உள்ளூர் அரசுத் தொடக்கப்பள்ளி; ஃபீஸ் பூஜ்யம். வீடு எந்தத் தெருவோ, அந்தத் தெருவுக்கு ஒதுக்கிய பள்ளி. மொழி தெரியாத பிள்ளைகளுக்கு முதலில் ஜெர்மன் சொல்லித்தரத் தனி வகுப்பு உண்டு. பிடிக்கவில்லை, வீட்டிலேயே சொல்லித்தருகிறேன் என்றால் சட்டம் விடாது. வீட்டில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. கடைசியில் மகளே சொன்னாள், "அதுதாங்கப்பா பெஸ்ட்டு. குழந்தை ஊரோட கலந்து வளருவான்." நான் வாசலைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அதற்குள் கலந்ததில்லை. கலக்க விடாமல் மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவன் நான்தான். "அப்ப இத்தனை நாளா இங்கயும் அதைச் செஞ்சிருக்கலாமுங்களே மாப்பிள்ளை?" என்றேன். "மாமா, அது ஜெர்மனி கவர்மெண்டுங்க" என்றார்.

போனார்கள். சேர்க்கும் முன் சுகாதாரத் துறையிலிருந்து பையனைப் பரிசோதித்தார்களாம். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார்கள், படம் வரையச் சொன்னார்கள். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடும் சோதனை அந்த நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்ததுதானாம். எங்கள் தலைமையாசிரியர் உயிரோடு இருந்தால் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன். முதல் நாள் பெரிய காகிதக் கூம்பு நிறைய மிட்டாயும் பென்சிலும் அடைத்துப் பையன் கையில் கொடுப்பது அங்கே சம்பிரதாயம். பொரி உருண்டையின் பணக்காரச் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பேரன் பள்ளிக்குத் தனியாக நடந்தே போக ஆரம்பித்தான். பெற்றோர் கூடவே போனால் அங்கே ஒரு மாதிரி பார்ப்பார்களாம். பக்கத்துப் பள்ளி, நடை, ஃபீஸ் இல்லை. அறுபதுகளில் எங்கள் அப்பா யோசிக்காமல் செய்ததை என் மகள் மாதக்கணக்கில் ஆராய்ந்து செய்திருக்கிறாள். ஒரே வித்தியாசம், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே பணம். காமராஜர் புண்ணியத்தில் எங்களுக்கு அது சும்மா கிடைத்தது. கூடவே கொடுத்த கேர் நிறுவனப் பால் பவுடரின் வாசனையை மட்டும் மன்னிக்க முடியாது.

ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் நாலாவது முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்து வேறு வேறு வகைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். பத்து வயதிலா என்று மகள் பயந்தாள். நல்லவேளை, அதற்குள் மூன்று வருஷம் முடிந்தது.

திரும்பி வரும் முன் சீட் பிடித்து வைக்கச் சொன்னார்கள். போர்டில் இன்டர்நேஷனல் என்றிருந்த பள்ளி ஒன்றுக்குப் போனேன். குளிரூட்டிய அறை. விண்ணப்பத்தில் 'இப்போது படிக்கும் பாடத்திட்டம்' என்று ஒரு கட்டம். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ., ஐ.பி., கேம்பிரிட்ஜ், ஸ்டேட் போர்டு. மகளுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "ஜெர்மனியில படிப்பு அந்தந்த மாநில அரசு கையிலதாங்கப்பா. அவங்க வெச்சதுதான் பாடம்" என்றாள். சரி என்று கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தேன்.

வரவேற்பறைப் பெண் வாங்கிப் பார்த்தாள். அதுவரை இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"ஸ்டேட் போர்டுங்களா சார்? அப்படின்னா பையன் எண்ட்ரன்ஸ் டெஸ்ட் எழுதணுமுங்க."