புரி மேஜ்தா

கொல்கத்தாக்காரர்களுக்கு உலகத்தில் வெளியூர் என்று இருப்பது மூன்றுதான்: தீகா, புரி, தார்ஜிலிங். முதலெழுத்துகளைக் கோத்து அவர்களே ‘தீபுதா’ என்று வைத்துக்கொண்டார்கள். காதில் விழும்போது பக்கத்து வீட்டு அண்ணன் யாரோ போலிருக்கும். தீகா சனி ஞாயிறுக்கு. தார்ஜிலிங் புதுக் கல்யாணத்துக்கு. புரி ஆயுளுக்கு.

அந்த ஆயுள் சந்தாதாரரைத்தான் இங்கே அறிமுகம் செய்யப்போகிறேன். பெயர் வேண்டாம், ஒருவரைச் சொன்னால் ஒன்பது பேர் சண்டைக்கு வருவார்கள். வங்காளத்தில் வீட்டின் இரண்டாவது அண்ணனை மேஜ்தா என்பார்கள். பொறுப்பெல்லாம் மூத்தவருக்கும் செல்லமெல்லாம் கடைக்குட்டிக்கும் போனபின், நடுவில் நிற்பவருக்கு மிஞ்சுவது அபிப்பிராயம் மட்டுமே. நம்ம மேஜ்தாவிடம் அது ஏராளம். வங்கியிலோ இன்ஷூரன்ஸிலோ ஓய்வு பெற்றவர். தோளில் ஜோலா பை, கையில் ஃப்ளாஸ்க், சட்டைப்பையில் ஜெலுசில். அக்டோபர் புழுக்கத்திலும் பொழுது சாய்ந்தால் தலையில் குரங்குக் குல்லா ஏறிவிடும். கடல்காற்று பட்டால் சளி பிடிக்குமாம். பிறகு கடலுக்கு எதற்காக வருகிறார் என்று கேட்கக்கூடாது.

புரிக்குப் போகும் எல்லாரும் ஓட்டலில் தங்குவதில்லை. கொல்கத்தாவின் வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் பலவும் அங்கே ‘ஹாலிடே ஹோம்’ வைத்திருக்கின்றன. நாலைந்து அறை, பொதுச் சமையலறை, ஒரு கேர்டேக்கர், ஒரு சமையற்காரர், கடலைப் பார்த்த ஒரு தாழ்வாரம். வாடகை சொற்பம். பூஜா விடுமுறையில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தவர்கள் விடுவதில்லை. எனவே வருஷாவருஷம் அதே வாரம், அதே அறைகள், அதே குடும்பங்கள். பிள்ளைகள் வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஃப்ளாஸ்க் மாறாது.

இங்கேதான் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று, ஆபீஸில் யாரோ கடைசி நேரத்தில் ரத்து செய்த அறையைப் பிடித்து, வந்து இறங்குகிறது. இரண்டு தலைமுறையாகக் கொல்கத்தா வாசம். வங்காளி தண்ணீர் பட்ட பாடு. முதல் நாள் விடியற்காலை நம்மூர்க்காரர் காபி டம்ளரோடு தாழ்வாரத்துக்கு வருகிறார். ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாமே காலி. இடதுகோடியில் தூணோரம் இருந்ததில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்.

மேஜ்தா வருகிறார். “போஷுன், போஷுன்” என்று கைகாட்டுகிறார். உட்காருங்கள், எழுந்திருக்க வேண்டாம், பரவாயில்லை. ஆனால் அவர் உட்காரவில்லை. நாலு நாற்காலி காலியாகக் கிடக்க, தூணுக்குப் பின்னால் நின்று, நம்மவர் தலையைச் சுற்றி எட்டி எட்டிக் கடலைப் பார்க்கிறார். அடுத்த அறைக்காரர் வருகிறார், அவரும் உட்காரவில்லை. கடைசியில் மேஜ்தாவின் மனைவி, மேஜோபௌதி, டீ கோப்பையோடு வந்து, நாற்காலியைப் பார்த்து, கணவரைப் பார்த்து, “ஓட்டா தோ ஓர் ஜாய்கா” என்கிறார், யாரிடமும் இல்லாமல், வங்காள விரிகுடாவிடம். அது அவருடைய இடமாயிற்றே!

“ஏன்னா, எழுந்துண்டு உள்ளே வாங்கோ” என்று அறைக்குள்ளிருந்து தமிழில் ஒரு குரல். பெண்களுக்கு இதெல்லாம் உடனே புரிந்துவிடுகிறது.

இடத்துக்கான பட்டா மேஜ்தாவிடம் இருக்கிறது. ஜகந்நாதர் கோயில் பண்டாக்கள் தங்கள் யாத்ரீகர்களின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டில் எழுதி வைப்பவர்கள். அதில் மேஜ்தாவின் தாத்தா கையெழுத்து இருக்கிறது. கொஞ்சம் விட்டால் இன்னும் பின்னால் போவார்: 1510ல் சந்நியாசம் வாங்கிய கையோடு சைதன்யர் வந்து சேர்ந்த ஊர் இது, கடைசிப் பதினெட்டு வருஷம் ஊரைவிட்டு அவர் நகரவே இல்லை. முதல் ரெகுலர் அவர்தான். மேஜ்தா அந்த வரிசையில் வருகிறவர்.

பயணமே பரம்பரைச் சொத்து இவர்களுக்கு. பாட்டன் காலத்தில் ‘சேஞ்சு’க்கு மேற்கே போவார்கள்: மதுபூர், கிரிடி, சிமுல்தலா. தண்ணீர் ஜீரணத்துக்கு நல்லதாம். சந்தையில் கோழியையும் முட்டையையும் பார்த்து ‘டேம் சீப்’ என்று கூவிக் கூவி, உள்ளூர்க்காரர்களிடம் ‘டான்ச்சி பாபு’ என்று பட்டம் வாங்கியவர்கள். தகப்பனார் காலத்தில் குண்டு ஸ்பெஷல். நம்மவர்கள் பதற வேண்டாம், குண்டு என்பது நிறுவியவரின் குடும்பப் பெயர். ஸ்ரீபதி சரண் குண்டு 1933ல் தொடங்கிய சுற்றுலா நிறுவனம் அது. இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் சமையற்காரர்கள் கூடவே வருவார்கள். மதுரையில் மீனாட்சியைத் தரிசித்துவிட்டு வந்தாலும் தட்டில் மீன் குழம்பும் சோறும் இருக்கும். மேஜ்தா இப்படிப்பட்ட வம்சம்.

ஒரே ஒரு தடவை அவர் புரிக்குத் துரோகம் செய்தார். சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ 1974ல் வந்தபிறகு பாதி வங்காளம் ஜெய்சல்மேர் கோட்டையைப் பார்க்கக் கிளம்பியது. மேஜ்தாவும் போனார். மணல் இருந்தது, அலை இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

2023 மே மாதம் ஹவுராவிலிருந்து புரிக்கு வந்தே பாரத் விட்டார்கள். சுமார் ஆறரை மணி நேரம். மேஜ்தா அதில் ஏறமாட்டார். பகலில் போனால் அது ஆபீஸ் டூர். ராத்திரி வண்டியில், லுச்சியும் ஆலூர் தமும் இருக்கும் டப்பாவைத் திறந்து கம்பார்ட்மெண்ட் முழுக்க வாசனை கிளப்பி, கீழ் பர்த்தில் போர்வை விரித்துப் படுத்தால்தான் அது புரி.

நம்மூர்க்காரரிடம் விசாரணை இரண்டாம் நாள் தொடங்குகிறது. வீடு எங்கே? லேக் மார்க்கெட். இல்லை, தேசம் எங்கே? கும்பகோணம். ஓ, மாட்ராஸ். மீன் சாப்பிடமாட்டீர்களா? சாப்பிடமாட்டோம். நீண்ட மௌனம். “தாஹோலே கான் கீ?” பிறகு என்னதான் சாப்பிடுகிறீர்கள்? இந்தக் கேள்வியில் கேலி இல்லை. உண்மையான கவலை இருக்கிறது.

அடுத்து, கால்பந்தில் மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா? நடுநிலை என்று சொல்லிவிட்டால் மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். இங்கே தமிழனுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற முன்னணி ஐவர், ‘பஞ்ச பாண்டவர்’ என்று இன்றும் கொண்டாடப்படுகிறவர்கள், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தெற்கத்தியர். 1949, 50, 51 மூன்று வருஷமும் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அவர்கள் கையில். அந்தப் பெயர்களை வரிசை பிசகாமல் சொன்னால் மூன்றாம் அறைப் பெரியவர் ஜேட்டு மோஷாய் கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொள்வார். ஆனால் மேஜ்தா மோகன் பகான். ஆக, ஒரு நாற்காலி நகர்ந்துவந்தால் இன்னொரு நாற்காலி தள்ளிப்போகும்.

பொதுவாக, மெனக்கெடும் எதுவும் இங்கே எடுபடாது. நம்மூர்க்காரர் ஒரு சாயந்திரம் எல்லாருக்குமாகக் காஜா இனிப்பு வாங்கிவந்தார். பெட்டியின் மேல் அச்சடித்த பெயரைப் பார்த்ததும் மேஜ்தாவின் முகத்தில் துக்கச் செய்தி கேட்ட களை. கடை தப்பு. சுவர்க்கத்துவார் பஜாரில் காஜாவுக்குக் கடைகள் நிறைய இருந்தாலும் மேஜ்தாவுக்கு ஒன்றுதான். ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தார். “தூக்கம் வராதே” என்று காலை ஏழு மணிக்கு மறுத்தார்கள். சுத்தமான வங்காளியில் பேசினார். “உங்கள் வங்காளி ரொம்ப நன்றாக இருக்கிறதே” என்றார்கள். இந்தப் பாராட்டை உள்ளூர்க்காரனுக்கு யாரும் சொல்வதில்லை. வெளியே நிற்பவனுக்குத்தான் இந்த மாலை. சீட்டாட்டத்துக்கு ஆள் குறைந்த ஒருநாள் ‘ட்வென்டி நைன்’ ஆடக் கூப்பிட்டார்கள். அதில் ஜாக்கிதான் ராஜா, அடுத்தது ஒன்பது. தெரியாமல் ஏஸைப் பெருமையாக இறக்கினார். அடுத்த நாள் கேர்டேக்கரை உட்காரவைத்துக்கொண்டார்கள்.

குளிக்கப் போன இடத்திலும் வம்பு. அலையில் கைபிடித்துக் குளிப்பாட்டும் நூலியாக்கள், பிரம்புக் கூம்புத்தொப்பி போட்ட மீனவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மேஜ்தாவுக்கென்று ஒரு நூலியா உண்டு. அவன் அப்பா இவர் அப்பாவைக் குளிப்பாட்டியவர். முழங்கால் தண்ணீரில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி, “அலை முன்னே மாதிரி இல்லை” என்று மேஜ்தா சொல்லிக்கொண்டிருந்தபோது, நம்மவர் அரைகுறைத் தெலுங்கில் “பாகுன்னாரா?” என்று கேட்டுத்தொலைத்தார். நூலியா மேஜ்தாவின் கையை விட்டுவிட்டுச் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டான். அன்று மத்தியானம் தாழ்வாரத்தில் பேச்சே இல்லை.

கதவு திறந்தது எதனால் தெரியுமா? வயிற்றால்.

நாலாம் நாள் காலையில் நம்மூர்க்காரர் முகம் சுருங்கி வெளியே வந்து, கேட்டதற்கு மட்டும், “பேட் டா பாலோ நேய்” என்றார். வயிறு சரியில்லை. அவ்வளவுதான். ஐந்து நாற்காலிகளும் அவரை நோக்கித் திரும்பின. என்ன சாப்பிட்டீர்கள்? எப்போதிலிருந்து? எரிச்சலா, உப்புசமா? இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளக்கூடாது. மேஜ்தா ஜெலுசிலை எடுத்தார். ஜேட்டு மோஷாய் ஹோமியோபதிப் பெட்டியைத் திறந்து நக்ஸ் வாமிகா முப்பது என்றார். மேஜோபௌதி உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராயின் பெங்கால் கெமிக்கல், 1901லிருந்து நடக்கும் கம்பெனி, அதன் ‘அக்வா டைகோட்டிஸ்’. மாமி வாங்கி மோந்து பார்த்துவிட்டு, “அட, நம்ம ஓமவாட்டர்!” என்றாள்.

உங்கள் ஊரிலும் உண்டா? உண்டு. குழந்தைக்குக் கொடுப்பீர்களா? கொடுப்போம். கும்பகோணத்துக்காரனுக்கும் வாயுத்தொல்லை உண்டு என்பது அன்றுதான் அந்தத் தாழ்வாரத்துக்குத் தெரிந்தது. மீன் தின்னாதவன், ஷீல்டு கதை சொல்பவன், தெலுங்கு பேசி நூலியாவைக் கெடுத்தவன், எல்லாம் மன்னிக்கப்பட்டது. மாலையில் மேஜ்தா அவரைத் தனியே மீன் சந்தைக்கு அழைத்துப்போனார். வௌவால் மீனின் செவுளை விரலால் தூக்கிச் சிவப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார். வாங்கப்போகாதவனுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது பெரிய நட்பு.

வங்காளிகளை மட்டும் சொல்வதற்கில்லை. குற்றாலத்தில் சாரல் பருவம் தவறாமல் வருகிறவர்களிடம் எந்த அருவியில் எப்போது குளிப்பது என்று நீங்களாக முடிவுசெய்து பாருங்கள். மார்கழியில் சென்னை சபாவில் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். இங்கிலாந்தில் கேரவன் வண்டியை வருஷாவருஷம் ஒரே மூலையில் நிறுத்துகிறவர்களும் புதிதாய் வருகிறவனை இப்படித்தான் தலையைச் சுற்றி எட்டிப் பார்ப்பார்களாம். ஆனால் அவர்களிடம் ஓமவாட்டர் இருக்குமா என்பது சந்தேகமே.

மேஜ்தாவைக் கொல்கத்தாவில் பார்க்க வேண்டும். கரியாஹாட் சந்தையில் மீன்காரனிடம் அவர் அதட்டல் செல்லாது. மினி பஸ்ஸில் கண்டக்டர் “தாது, பேச்சோனே ஜான்” என்று பின்னால் தள்ளிவிடுவான். வீட்டில் டி.வி. ரிமோட் பேரன் கையில். வழியில் நம்மூர்க்காரரைக் கண்டால் லேசாகத் தலையசைத்து, “புரியில் பார்ப்போம்” என்று போய்விடுவார். வீட்டுக்கு வாருங்கள் என்று இவரும் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை. வருஷத்தில் ஒரு வாரம், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்றுக்கு அவர் ஜமீன்தார். அதையும் பிடுங்கிக்கொண்டு உட்காருவானேன்?

அடுத்த பூஜைக்கு நீங்களும் புரிக்குப் போவதாக இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான், காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். எட்டு ஐந்துக்கு நிதானமாக உட்காராதீர்கள். கீழ் பர்த் முழுக்க மேஜ்தாக்கள் எடுத்திருப்பார்கள்.