சோலைக்குள் அருந்ததி

பறவை பார்க்க வருகிறவர்கள் சிவப்பு, மஞ்சள், வெள்ளை எதுவும் உடுத்தக் கூடாது என்று வழிகாட்டித் தம்பி முந்தின ராத்திரியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். விடியுமுன் ஊட்டியில் வேன் ஏற நின்றபோது எல்லோரும் காய்ந்த இலை நிறத்தில்தான் இருந்தோம். என் மனைவியின் தாய்மாமா மட்டும் ரத்தச் சிவப்பில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். "கார்த்திகைக் குளிருக்கு இதுதான் கனமா இருக்கு" என்றார். திண்டுக்கல்காரர். வேனில் இடம் காலியாக இருந்ததால் வந்தவர், பறவைக்காக வரவில்லை.

பறவைக்காகவே வந்தவர் என் நண்பர். வங்கியில் ஓய்வு பெற்றதும் ஒரு லென்ஸ் வாங்கினார். அதன் விலையாக அவர் மனைவியிடம் சொன்னது ஒன்று, பில்லில் இருப்பது ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதியும் ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் பையனும் வந்திருந்தார்கள். பையனிடம் லென்ஸ் இல்லை, நோட்டுப் புத்தகம் இருந்தது.

நண்பருக்கு வேண்டியவை மூன்று: நீலகிரிச் சிரிப்பான், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், நீலகிரிச் சோலைக்கிளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இவற்றைப் பார்க்க முடியாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைச் சுற்றி மிச்சமிருக்கும் சோலைகளில் ஒன்றின் ஓரமாக வேன் நின்றது.

சோலைக்காடு என்றால் வானளாவிய மரங்களைக் கற்பனை செய்ய வேண்டாம். குட்டையான, முறுக்கிய மரங்கள் தோளோடு தோள் இடித்து நிற்கும். மேகம் உள்ளே புகுந்து இலையிலும் பாசியிலும் நீராகத் தங்கிச் சொட்டும். மழையே இல்லாத நாளிலும் சட்டை நனையும். காட்டுக்குத் தண்ணீர் கிடைக்கிறது, நல்ல விஷயம். பைனாகுலருக்கும் கிடைக்கிறது. நான் துடைத்து முடிக்கும்போது மேகம் வரும். மேகம் விலகும்போது நான் துடைத்துக்கொண்டிருப்பேன்.

வழிகாட்டித் தம்பி பைனாகுலரைக் கையிலேயே எடுக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து நின்று, "ஈப்பிடிப்பான், ரெண்டு. அந்தப் பக்கம் பூங்குருவி ஒண்ணு" என்றார். எனக்குக் கேட்டது மாமா வர்க்கி கடிக்கும் சத்தம். ஈப்பிடிப்பானின் குரல் ஊசி போல மெல்லிய, உச்சஸ்தாயிக் குரல். வயது ஏற ஏற அந்த ஸ்தாயிதான் முதலில் காதைவிட்டுப் போகுமாம். பையன் "ஆமாண்ணா, மூணாவதும் இருக்கு" என்றான். நாங்கள் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையாட்டினோம்.

"சார், அந்தப் பாசி பிடிச்ச கிளை தெரியுதா? அதுக்குக் கீழே, இடுப்பு உயரத்துல."

தெரிந்தது. எல்லாக் கிளையும் பாசி பிடித்துத்தான் இருந்தது.

"எந்தக் கிளை தம்பி?"

"வளைஞ்ச கிளை சார்."

வளையாத கிளை அந்தக் காட்டிலேயே இல்லை.

பையன் எழுதிக்கொண்டான். அவன் அப்பா "ஓ, பார்த்துட்டேன்" என்றார். அம்மா "அழகா இருக்குல்ல" என்றார். நண்பர் "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்று இரண்டு முறை சொன்னார். கல்யாணத்தில் பட்டப்பகலில் புரோகிதர் வானத்தைக் காட்டி "அருந்ததி தெரியறதா?" என்று கேட்பார், தெரியவில்லை என்று இதுவரை எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சொன்னால் முகூர்த்தம் நகராது, பின்னால் பந்தி காத்திருக்கிறது. இங்கேயும் அதே நெருக்கடிதான். நானும் பார்த்துவிட்டேன்.

டி. சி. ஜெர்டன் என்ற படை மருத்துவர் 1839இல் நீலகிரிச் சிரிப்பானை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். அந்தக் காலத்தில் பறவையை அடையாளம் காண்பது என்றால் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான். பறவைக்குக் கொடுமை, ஆனால் பார்த்தேன் என்று பொய் சொல்ல வழியில்லை. பைனாகுலர் வந்தபிறகு பறவை பிழைத்தது, சத்தியம் செத்தது.

அந்தச் சிரிப்பான் எங்களை அதிகம் அலைக்கழிக்கவில்லை. வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறுமாக ஒரு கூட்டம் சாலையோரப் புதரில் கும்மாளம் போட்டது. எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்ததாலேயே நண்பருக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது.

காட்டுக்கோழி கூவியபோதுதான் மாமா காலையில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எப்படித் தம்பி, நாட்டுக்கோழியைவிடக் கறி கெட்டியா இருக்குமோ?" வழிகாட்டி சிரிக்காமல் 1972ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். மாமா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்கு முன்னாடி தின்னவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல, அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். அவரை வேனிலேயே விட்டுவிட்டு நாங்கள் பாதையில் இறங்கினோம். மஃப்ளர்தான் காரணம் என்று எல்லோரும் நாகரிகமாகச் சொன்னார்கள்.

இனி சோலைக்கிளி. இருண்ட சோலைத் தரையில் ஈர இலைகளுக்கிடையே பூச்சி தேடித் திரியும் சின்னப் பறவை. "கொடைக்கானல்ல இருக்கறது வேற இனம் சார், இங்க இருக்கறது வேற. நடுவுல பாலக்காட்டுக் கணவாய். இது மலை இறங்காது, அந்த வெக்கையைத் தாண்டவும் தாண்டாது" என்றார் வழிகாட்டி. இந்தப் பக்கத்துப் பறவையும் அந்தப் பக்கத்துப் பறவையும் பல லட்சம் வருஷமாகத் தனித்தனியாகவே வாழ்ந்து வேறு வேறாகிவிட்டன. வி. வி. ராபின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து 2017இல் இவற்றுக்கென்றே தனிப் பேரினம் வகுத்தார்கள். சம்பந்தம் பண்ண ஊர் தாண்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் விஞ்ஞானத்தில் தனி அந்தஸ்தே கிடைக்கும் போலிருக்கிறது.

காத்திருந்தோம். நண்பர் போனை எடுத்து, சோலைக்கிளியின் குரலைப் போட்டுக் கூப்பிடலாமே என்றார். வழிகாட்டி ஒப்பவில்லை. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று பறவை தீனியை விட்டுவிட்டு அலையும், அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்றார். கூலிக்கு வந்தவர் வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குப் பேசிய தொகைக்கு மேல் கொடுத்தேன்.

கால் மரத்துப்போய், பறவை வராமலே வேனுக்குத் திரும்பினோம். மாமா சாலையோரத் திட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு குருவி வந்துச்சு" என்றார்.

நண்பர் காதில் வாங்கவில்லை. வழிகாட்டிதான் நின்றார். "என்ன நிறம் சார்?"

"முதுகு நீலம். பளிச்சுன்னு இல்ல, சிலேட்டு மாதிரி. வயித்துல ரெண்டு பக்கமும் காவி, நடுவுல வெள்ளை."

"கால்?"

"உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். இந்த ஓடையோரமா தத்தித் தத்தி வந்துச்சு, என் செருப்பு வரைக்கும்."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு வர்க்கி தின்கிற நேரம்."

நண்பரின் முகம் வெளுத்தது. "போட்டோ எடுத்தீங்களா?"

"எதுக்கு? எதிர்லதானே நின்னுச்சு."

வழிகாட்டி மேலும் இரண்டு கேள்வி கேட்டார். மாமா குறுக்கு விசாரணையில் பிசகவே இல்லை. காலையில் "பார்த்தாச்சு" சொன்ன எங்களிடம் ஈப்பிடிப்பானின் தலை என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் வண்டவாளம். (ஆணுக்குக் கருப்பு. பிறகு புத்தகத்தில் பார்த்தேன்.)

டீக்கடையில் உட்கார்ந்து வழிகாட்டி அன்றைய பட்டியலை ஈபேர்ட் செயலியில் ஏற்றினார். பறவை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் தரவு அது, விளையாட்டல்ல. சோலைக்கிளி: ஒன்று. பட்டியலைக் குழுவில் எல்லோரும் அவரவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தாம் பார்க்காத, கேட்காத பறவையை அவரவரே தம் பிரதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். பையன் டீ ஆறுவதற்குள் எடுத்துவிட்டான். மாமாவுக்கு ஈபேர்ட் கணக்கே கிடையாது. வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நண்பர் இன்னும் எடுக்கவில்லை. கேட்டால், "மாமா நம்ம குரூப்தானே" என்கிறார்.